உப்பு ஜாடியும் கணக்கு நோட்டும்



ஆண்டு மலர் என்றால் அதில் சிக்கனத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் உடல் நலத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் இருந்தே தீரும். நூலகத்தில் பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தோம். சிக்கனக் கட்டுரை எறும்பில் தொடங்கித் தேனீயில் முடிகிறது. உடல் நலக் கட்டுரையில், சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது தவறாமல் வந்துவிடுகிறது. இரண்டும் நல்ல கட்டுரைகளே. எழுதிய அக்காமார்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆயினும் இவ்விரண்டையும் இரண்டு கட்டுரைகளாக எழுதியதில்தான் பிழை நேர்ந்துவிட்டது என்று இவ்வாண்டு எங்களுக்குத் தோன்றிற்று. வீட்டுப் பணமும் வீட்டாரின் உடம்பும் ஒரே கணக்கு நோட்டில் எழுதப்பட வேண்டியவை என்பது எங்கள் துணிபு. இந்த எண்ணம் எங்களுக்கு வந்த கதையையே இங்கே எழுதுகிறோம்.

ஜூலை மாதத் தொடக்கத்தில் எங்கள் கணக்கு ஆசிரியை ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, மூன்று மாதம் வீட்டுக் கணக்கு எழுதி வரச் சொன்னார்கள். வரவு, செலவு, மருந்து, இதர என்று நான்கு கட்டங்கள். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில், பொதுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய வேளையில், வெங்காயம் கால் கிலோ, தீப்பெட்டி ஒன்று என்று எழுதிக்கொண்டிருப்பதா என்று முணுமுணுத்தோம். வீட்டிலும் நல்ல வரவேற்பு இல்லை. "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கணக்கு?" என்று கேட்ட ஆச்சிகள் உண்டு. "எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லணுமா?" என்று கோபித்த தந்தையரும் உண்டு. ஆதலின் தொகைகளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, எழுதினால் போதும் என்று ஆசிரியை விதியைத் தளர்த்தினார்கள். அதன் பிறகே பாதிப் பேர் உண்மையை எழுதத் தொடங்கினோம்.

முதல் மாத முடிவில் எங்களைத் திடுக்கிட வைத்தது உப்பு.

எங்கள் ஊர் தூத்துக்குடி. தமிழ்நாட்டில் விளையும் உப்பில் பெரும்பகுதி எங்கள் வட்டாரத்து உப்பளங்களில்தான் விளைகிறது. உப்புக்கு இங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குமேல் உப்பு ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. யார் தேக்கரண்டியை வைத்துக்கொண்டு சோற்றில் அளப்பார்கள்? ஆனால் கணக்கு நோட்டு அளந்துவிட்டது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். முப்பது நாளைக்கு 750 கிராம். அதாவது ஒரு கிலோ உப்பு வாங்கினால் மாதம் முடிந்த பின்னும் ஜாடியில் கால் பங்கு மீதி இருக்க வேண்டும். எங்கள் நோட்டுகளிலோ ஐந்து பேர் வீட்டில் மாதம் இரண்டு கிலோ என்று வந்திருந்தது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் ஒளிந்து வரும் உப்பு இதில் சேராது. மீன் கழுவவும் வாழைக்காய் அலசவும் போன உப்பைக் கழித்துவிட்டாலும் கணக்கு இடிக்கத்தான் செய்தது.

ஆகவே இதை நாங்கள் முதல் கைக்கணக்காக வைத்துக்கொண்டோம்: வீட்டில் உள்ள தலைகளை எண்ணி, தலைக்கு மாதம் 150 கிராம் என்று உப்பு ஜாடியில் முதல் தேதியே போட்டுவிட வேண்டும். கழுவுகிற உப்புக்குத் தனி டப்பா. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பழமொழி சொல்லி எங்களை மடக்கிய மாமா ஒருவர் இருக்கிறார். உப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, மாமா! ஜாடியின் அடி தெரிவதற்கு முன் மாதம் முடிய வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்யும் வீடுகளில் உப்பைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் இல்லை. பாத்தியிலிருந்து அள்ளி வந்ததையே சமையலுக்கும் போடுகிறார்கள். அதில் அயோடின் சேர்ந்திருப்பதில்லை. அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வருவதோடு, கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் கெடும் என்பதால்தான் அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்கு விற்கக் கூடாதென்று 2006-ஆம் ஆண்டில் தடை விதித்தார்கள். உப்பை விளைவிக்கிற கையே கடையில் உப்பு வாங்க வேண்டும் என்று சொல்வது எங்களுக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. என்றாலும் சமையலுக்கு அந்த ஒரு பாக்கெட்டை வாங்கத்தான் வேண்டும். அளவோடு போட்டால் அதிகம் செலவாகாது.

எண்ணெய்க்கும் இதே வழி. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவு. நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். வாரம் மூன்று நாள் மீன் பொரிக்கிற ஊரில் இது நடக்குமா என்று கேட்டால், முதல் மாதம் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. இரண்டாம் மாதம் பொரிப்பு ஒரு நாளாகவும் குழம்பு இரண்டு நாளாகவும் ஆயிற்று. எண்ணெய்ச் செலவும் குறைந்தது, வீட்டில் சண்டையும் கொஞ்சம் நடந்தது.

இனி, எழுதச் சற்றுக் கூச்சமாக இருக்கும் செய்திக்கு வருகிறோம்.

நோட்டில் எல்லாம் எழுதினோம். யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதவில்லை. ஒரு தோழிதான் விளையாட்டாக ஒரு வாரம் அதையும் எழுதி வந்தாள். அவள் நோட்டில் தந்தைக்கு மீன் இரண்டு, தம்பிக்கு இரண்டு, தனக்கு ஒன்று, அம்மாவுக்குக் குழம்பு மட்டும் என்று ஏழு நாளில் ஐந்து நாள் வந்திருந்தது. படித்துவிட்டு வகுப்பில் யாரும் பேசவில்லை. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் என்பது அவரவர் நெஞ்சுக்குத் தெரியும். இதைத் தியாகம் என்று போற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதப்பட்டுவிட்டன. நாங்கள் போற்ற மறுக்கிறோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதிலிருந்து 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு 53 பேர். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் பெண்களுக்குச் சோகை என்று கொள்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாலையானால் தலை சுற்றுகிறது, "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று அம்மா சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான். வீட்டில் மிச்சம் பிடிக்கப்படுவது காசன்று, அம்மாவின் இரத்தம்.

ஆகவே எங்கள் இரண்டாவது விதியை நாங்களே உண்டாக்கினோம். எந்தப் புத்தகத்திலும் படித்ததன்று. குழம்பு இறக்கியவுடன், யாருக்கும் பரிமாறுவதற்கு முன், அம்மாவின் பங்கு மீனை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். எடுத்து வைப்பது மகளின் வேலை. "முதல் கரண்டி" என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். விலை உயர்ந்த சீலாவும் பாறையும் வேண்டியதில்லை. சாளையும் நெத்திலியும் போதும். மீனில் உள்ள இரும்புச் சத்தைக் கீரையில் உள்ளதைவிட உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்கிறது. முருங்கைக் கீரை சமைக்கும் நாளில் எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ அதன் சத்தும் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அந்தச் சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது. இந்த மாற்றத்துக்கு ஒரு காசுகூடச் செலவில்லை. ஆனால் எங்கள் அன்னையர் மிகவும் எதிர்த்தது இதைத்தான்! மீனைக்கூட விட்டுக்கொடுத்தார்கள், தேநீரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அம்மாவைக் குறை சொல்லிவிட்டு எங்களைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வாரம் ஒரு முறை பள்ளியில் தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரைகளில் சில ஜன்னல் வழியே பின்புற வேலிக்குப் போனதுண்டு. வாய் கசக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று காரணம் சொல்வோம். வெறும் வயிற்றில் விழுங்கினால் புரட்டத்தான் செய்யும். மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. வேலியோரத்துச் செடிகள் இவ்வாண்டு செழிப்பாக இருப்பதற்கு நாங்களே பொறுப்பு என்று ஒப்புக்கொள்கிறோம்.

இப்போது எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததை எழுதுகிறோம். அவளிடம் கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டி, அவள் சம்மதித்த பின்பே எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றாள்.

அவளுடைய தந்தை விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். தடை தொடங்கியவுடன் வீட்டில் கை இறுகிற்று. அவளுடைய அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. தினமும் ஒரு மாத்திரை. மாதம் நூறு ரூபாய்க்கு உட்பட்ட செலவு. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்தார். மே மாதத்தில் அடியோடு நிறுத்திவிட்டார். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆகையால் நோய் போய்விட்டது என்றே நினைத்தார். மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில், குழாயடியில் வலக்கையிலிருந்து குடம் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வெயிலில் வந்த மயக்கம் என்று எண்ணிக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மாலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பக்கவாதத்துக்கு ஒரு மருந்து உண்டு. மூளையின் இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து. தகுந்தவர்களுக்கு நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டது. அருகில் இருக்கிறதே என்று முதலில் போன தனியார் மருத்துவமனையில் மூன்று நாளில் ஐம்பதாயிரம் ரூபாய். அதை ஐந்து வட்டிக்கு வாங்கினார்கள். பிறகு அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே பணம் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை உதவக்கூடிய முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, வீட்டு டிரங்குப் பெட்டியில், திருமணப் பட்டுச் சேலைக்கு அடியில் இருந்தது. அந்த மூன்று நாளும் அது யார் நினைவுக்கும் வரவில்லை.

இன்று அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டு நடக்கிறார். தோழி இரண்டு வாரம் தாமதமாகப் பள்ளிக்கு வந்தாள். படிப்பை நிறுத்திவிடும் பேச்சும் வீட்டில் இருந்தது. கணக்கு நோட்டு கைக்கு வந்தபோது அவள் முதல் பக்கத்தில் என்ன எழுதினாள் தெரியுமா? அம்மா மாத்திரையில் மிச்சம் பிடித்த தொகை. கூட்டிப் பார்த்தால் நூற்றிருபது ரூபாய்கூட இல்லை.

இதற்குப் பின்தான் எங்கள் நோட்டுகளில் மருந்துக் கட்டம் மூன்றாவதிலிருந்து முதல் இடத்துக்கு வந்தது. அரிசிக்கு முன், வாடகைக்கு முன், தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மாத்திரையால் அடங்கி இருப்பவை; மாத்திரையால் ஓடிப்போகிறவை அல்ல. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. அதிலும் பெரிய வருத்தம் என்னவென்றால், அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டு, அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி வழங்கி வருவதைப் பிற மாநிலத்தாரும் பார்த்துச் சென்றிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கிய பின் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். நம் வீட்டார் அதை வாங்க வெட்கப்படுகிறார்கள். இலவச மருந்து வேலை செய்யாது என்றும் ஒரு பேச்சு. பெட்டியின் பளபளப்பைப் பார்க்காமல் மருந்தின் பெயரைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது படித்த மகளின் கடமை.

முகம் கோணுகிறதா, கை தூக்க முடியாமல் விழுகிறதா, பேச்சு குழறுகிறதா என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழைக்க வேண்டும். காப்பி கொடுக்கக் கூடாது. காப்பீட்டு அட்டை டிரங்குப் பெட்டியில் அல்ல, ரேஷன் அட்டையோடு சமையலறை அலமாரியில் இருக்க வேண்டும். எங்களில் பலர் அன்று மாலையே வீட்டில் அட்டையைத் தேடினோம். இருவர் வீட்டில் அட்டையே எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது.

அடுத்து அந்த ஐந்து வட்டி. நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில், நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்று சொல்வது வழக்கம். "அஞ்சு வட்டிதான்" என்று சொல்லும்போது அது சிறியதாகக் காதில் விழுகிறது. வங்கிக்காரர் சொல்வதுபோல் ஆண்டுக் கணக்கில் சொன்னால் அது 60 விழுக்காடு. இந்த மாயத்தை உடைக்க ஆசிரியை எங்களுக்கு ஒரு கணக்கைக் கற்றுக்கொடுத்தார்கள். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும். 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான ஒரு கணித நூலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. எழுதியவர் லூக்கா பச்சோலி. பிரான்சிஸ்கன் சபைத் துறவி. வணிகர்களின் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சில் விளக்கித் தந்தவரும் அவரே. வறுமையை விரதமாகக் கொண்ட ஒரு துறவி பணத்தின் கணக்கை உலகுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதைக் கேட்டபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

ஐந்து வட்டி என்றால் 72-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும். 14 மாதத்துக்குச் சற்று மேல். வட்டி கட்டாமல் அசலோடு சேர்ந்துகொண்டே போனால் ஐம்பதாயிரம் 15 மாதத்துக்குள் இலட்சம். பத்து வட்டியானால் ஏழே மாதம். இதே கணக்கு நல்ல பக்கமும் வேலை செய்கிறது. அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் என்று ஒன்று உண்டு. போட்ட பணம் இரட்டிப்பாகும் என்பதே அதன் விளம்பரம். 2023 ஏப்ரலில் அதற்கு வட்டி 7.5 விழுக்காடு, இரட்டிப்பாகும் காலம் 115 மாதம் என்று அறிவித்தார்கள். 72-ஐ 7.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 9.6 ஆண்டு, அதாவது 115 மாதம்! கரும்பலகையில் இந்த விடை வந்தபோது வகுப்பே கை தட்டிற்று. பச்சோலி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆக, தெருவில் யாராவது வந்து ஒரே ஆண்டில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று சொன்னால், ஆண்டுக்கு எழுபது விழுக்காட்டுக்குமேல் எந்தத் தொழிலில் சம்பாதித்துத் தரப்போகிறீர்கள் அண்ணே என்று கேட்க இந்தக் கணக்கு போதும். அளவு மீறிய வட்டிக்குத் தடை விதித்து 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். சட்டம் இருக்கிறது, ஆனால் இரவு பத்து மணிக்கு மருத்துவமனை வாசலில் நிற்பவனுக்குச் சட்டமா நினைவு வரும்?

ஆகவே அந்த இரவுக்கு முன்பே ஏதாவது சேர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு? இணையத்திலும் வார இதழ்களிலும் ஐம்பது, முப்பது, இருபது என்று ஒரு கணக்கு அடிபடுகிறது: வருமானத்தில் பாதி தேவைக்கு, முப்பது பங்கு விருப்பத்துக்கு, இருபது பங்கு சேமிப்புக்கு. எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் அமெரிக்காவில் எழுதிய புத்தகத்தால் பரவிய கணக்கு அது. தாயும் மகளும் சேர்ந்து வீட்டுக் கணக்கைப் பற்றி எழுதினார்கள் என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது மாதச் சம்பளம் வாங்கும் வீட்டின் கணக்கு. எங்களில் பலர் வீட்டில் அரிசி, மீன், வாடகை, எரிவாயு ஆகியவற்றிலேயே எழுபது எண்பது பங்கு தீர்ந்துவிடுகிறது. முப்பது பங்கு விருப்பத்துக்கு என்று படித்தபோது சிரித்துவிட்டோம். அதைவிட முக்கியம், எங்கள் வீடுகளில் பணம் பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக வருவதில்லை.

ஆகவே எங்கள் கடலுக்கும் உப்பளத்துக்கும் ஏற்ற கணக்கை நாங்களே போட்டோம். ஆண்டில் 365 நாள். தடைக்காலம் 61 நாள். ஆறில் ஒரு பங்கு நாள் வருமானம் இல்லை. எனவே தொழில் நடக்கும் நாளில் வரும் ஆறு ரூபாயில் ஒரு ரூபாய், வராத நாளுக்குச் சொந்தம். அறுநூறு ரூபாய் பங்கு கிடைத்தால் நூறு ரூபாய் தனி. உப்பளத்து வீடுகளுக்கு இன்னும் கடினம். ஐப்பசி மழை தொடங்கினால் பாத்தியில் நீர் நின்றுவிடும். ஏறத்தாழ மூன்று மாதம் வேலை இல்லை. அவர்களுக்கு நான்கில் ஒன்று. இது சேமிப்பு அன்று. நல்ல மாதம் கெட்ட மாதத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன். கடனைத் திருப்பித் தருவதுபோல் கறாராக எடுத்து வைத்தாலன்றி நிற்காது. வீட்டு அலமாரியில் வைத்தாலும் நிற்காது. அஞ்சலகத்திலோ, அம்மாவின் மகளிர் குழுவிலோ, வங்கியிலோ இருக்க வேண்டும். வங்கி ஒன்று நொடித்தாலும் ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்று 2020 முதல் விதி இருக்கிறது. தீபாவளிச் சீட்டு நடத்தும் அக்காவிடம் அந்தக் காப்பீடு இல்லை.

எத்தனை பேரால் முடிந்தது என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறோம்: மூன்று மாதமும் ஆறில் ஒன்றை எடுத்து வைத்தவர்கள் எங்கள் வகுப்பில் நான்கே பேர். சிலர் பத்தில் ஒன்று. பலரால் ஒன்றும் முடியவில்லை. ஏனெனில் சென்ற தடைக்காலத்தில் மளிகைக் கடையில் எழுதி வைத்த கணக்கே இன்னும் தீரவில்லை. அந்த வீடுகளைப் பார்த்துச் சிக்கனம் தெரியவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

"இதர" கட்டத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம். ஒன்று மட்டும். சில நோட்டுகளில் இதர என்ற அந்தச் சிறிய கட்டம் மருந்தையும் பாலையும் கூட்டினாலும் எட்டாத தொகையைக் காட்டிற்று. யார் செலவு, எந்தக் கடையில் என்று அதில் எழுதவில்லை. தந்தையரே, நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கும்.

கைக்கணக்கு என்றதும் எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டோம். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று கேட்டிருப்பீர்கள். அது மருத்துவர் யாரும் அளந்து சொன்னதன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை அளக்கும் கருவி ஒன்றின் பெயர். பத்தாயிரம் அடி மானி என்று பெயர் வைத்தார்கள், பெயரே விதியாகிவிட்டது. அமெரிக்காவில் மூத்த பெண்மணிகளிடையே நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 7,500 அடிக்குமேல் கூடுதல் பயன் தெரியவில்லை. துறைமுகச் சாலையிலிருந்து குடம் சுமக்கும் அம்மாவுக்கு அடி எண்ணும் கருவி தேவையில்லை, உட்கார ஒரு நாற்காலிதான் தேவை.

நம்பத் தகுந்த ஒன்றைச் சொல்லி இந்தப் பகுதியை முடிக்கிறோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர். உப்பு கூடிவிடக் கூடாது. சுகாதார நிலையத்தில் பொட்டலமாகக் கிடைத்தால் அதுவே மேல். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அவர் 2022-இல் காலமானார். அவருக்கு மறு ஆண்டு பத்மவிபூஷண் விருது அளித்தார்கள். அதே உப்புதான், தோழியரே. ஜாடியில் அளவு மீறினால் இரத்த அழுத்தம், அரைத் தேக்கரண்டியாக நீரில் கலந்தால் குழந்தையின் உயிர்.

இனி எங்கள் கோரிக்கைகள் இரண்டு.

நோட்டு எழுதும் வழக்கத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கியதால் எங்களுக்கு மூன்று மாதமே கிடைத்தது. அதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது. தங்கையர் எழுதினால் ஒரு முழுத் தடைக்காலத்தையும் ஒரு முழு மழைக்காலத்தையும் நோட்டில் பார்ப்பார்கள்.

மற்றொன்று, மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. பள்ளி ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கிறது. கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அந்த முதல் வாரத்திலேயே கேட்கப்படுகின்றன. படகுகள் கடலுக்குப் போவதோ ஜூன் 15. போய் வந்து, மீன் விற்று, பங்கு பிரித்து வீட்டுக்குப் பணம் வர மாதக் கடைசி ஆகிவிடும். எங்கள் தோழி தாமதமாக வந்த அந்த இரண்டு வாரமும் இதே இடைவெளிதான். கட்டணத் தேதியை ஜூலை 15-க்குத் தள்ளி வைக்க இயலுமா என்று பணிவுடன் கேட்கிறோம். நாங்கள் தேர்வு எழுதிப் போய்விடுவோம், எங்களுக்காகக் கேட்கவில்லை. அவளுடைய தங்கை எட்டாம் வகுப்பு 'அ' பிரிவில் படிக்கிறாள்.